உண்மையை ஏற்காதவரோடு வாதிடலாமா?



தேர்தல் நெருங்க நெருங்க நம் வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. "சாமி, என் மச்சான் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டேங்கிறார். அரசாங்கக் கணக்கைக் காட்டினாலும் பொய் என்கிறார். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மட்டும் அப்படியே நம்புகிறார். இவரோடு பேசுவதா, விட்டுவிடுவதா?" பங்கில் பலரும் பல விதமாகக் கேட்கும் கேள்வி இது. சிலர் பேசிப் பேசி உறவையே முறித்துக்கொண்டார்கள். வேறு சிலர், 'நமக்கு எதற்கு வம்பு' என்று வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டு வழியிலும் மனத்துக்கு நிம்மதி இல்லை.

இந்தத் தடுமாற்றம் புதிதல்ல. நீதிமொழிகள் நூலின் 26ஆம் அதிகாரத்தில் 4ஆம் வசனத்தையும் 5ஆம் வசனத்தையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். மதிகேடாகப் பேசுகிறவருக்குப் பதில் சொல்லாதே, சொன்னால் நீயும் அவரைப் போல ஆகிவிடுவாய் என்பது முதல் வசனத்தின் கருத்து. பதில் சொல், சொல்லாவிட்டால் அவர் தம்மை அறிவாளி என்று எண்ணிக்கொள்வார் என்பது அடுத்த வசனத்தின் கருத்து. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு அறிவுரைகளை ஞானிகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். எப்போது பேச வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை நாம்தான் இடம் அறிந்து தேர்ந்து தெளிய வேண்டும். அந்தத் தெளிவுக்கு என்ன வழி என்பதையே இன்று சிந்திப்போம்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கருத்து வேறு, நடந்த உண்மை வேறு. மதுக்கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். டாஸ்மாக் நிறுவனம் 1983இல் தொடங்கப்பட்டது, 2003 முதல் சில்லறை விற்பனையையும் அதுவே நடத்துகிறது என்பது நடந்த உண்மை. கடைகளை ஒரே நாளில் மூட வேண்டுமா, படிப்படியாகக் குறைக்க வேண்டுமா, மூடினால் கள்ளச்சாராயம் பெருகுமா என்பவை கருத்துகள். இவற்றில் நல்ல மனிதர்களே மாறுபடலாம். ஒரே பங்கில், ஒரே குடும்பத்தில், ஒரே பீடத்திலிருந்து நற்கருணை வாங்குகிறவர்களே மாறுபடலாம். மாறுபட்ட கருத்து உள்ளவரை 'உண்மையை மறுப்பவர்' என்று சொல்லிவிடக் கூடாது. நம்மோடு ஒத்துப்போகாத எல்லாரையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டால், பிழை அவரிடம் இல்லை, நம்மிடம்தான்.

இனி, நம்மில் பலர் அலுவலகத்திலும் தெருவிலும் எதிர்கொள்ளும் ஓர் உதாரணம். "தமிழ்நாட்டில் எல்லாரையும் கிறிஸ்தவர்களாக மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்" என்று ஒருவர் சொல்கிறார். நீங்கள் மக்கள்தொகைக் கணக்கைக் காட்டுகிறீர்கள். 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.07 விழுக்காடு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 6.12 விழுக்காடு, அதாவது சுமார் 44 லட்சம் பேர். பத்து ஆண்டுகளில் மாற்றம் ஏறக்குறைய இல்லை.

இதற்கு அவர் இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். "சரி, ஆனால் பட்டியல் இனத்தவர் கிறிஸ்தவரானால் அந்தச் சலுகையை இழக்கிறார்கள். 1950ஆம் ஆண்டு ஆணை அப்படி இருக்கிறது. அதனால் சிலர் கணக்கெடுப்பில் தங்கள் மதத்தைச் சொல்லாமல் இருக்கலாமே? மேலும் 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டதே?" என்று அவர் கேட்டால், அவர் வாதிடுகிறார். அந்த ஆணை உண்மையிலேயே இருக்கிறது. கணக்கெடுப்பும் உண்மையிலேயே தள்ளிப்போனது. அவர் கேட்பது நியாயமான கேள்வி. எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்று உட்கார்ந்து பேசலாம். அப்படிப்பட்டவரோடு பேச மறுப்பது சோம்பல், சில நேரம் கர்வமும்கூட.

மாறாக, "கணக்கெடுப்பே பொய், எடுத்த அதிகாரிகள் எல்லாரும் விலைபோனவர்கள், நீ எதைக் காட்டினாலும் அதுவும் பொய்" என்று அவர் சொன்னால் நிலைமை வேறு. இப்போது உங்கள் இருவருக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. கடைக்காரரும் வாங்குகிறவரும் ஒரே தராசை ஏற்றுக்கொண்டால்தான் எடையைப் பற்றிச் சண்டை போடவாவது முடியும். தராசே வேண்டாம் என்கிறவரிடம் எடையைப் பற்றி என்ன பேசுவது?

நம் முன்னோர் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். நம் நாட்டு நியாய தத்துவத்தில் வாதங்களை மூன்றாகப் பிரிப்பார்கள். உண்மையைத் தேடிப் பேசுவது வாதம். வெல்வதற்காகவே பேசுவது சற்பம். தனக்கென்று ஒரு நிலையும் வைத்துக்கொள்ளாமல், எதிரில் இருப்பவர் சொல்வதை உடைப்பதற்காக மட்டும் பேசுவது விதண்டை. நாம் அன்றாடம் சொல்லும் 'விதண்டாவாதம்' என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான்.

நம் திருச்சபையின் பெரும் அறிஞரான புனித தாமஸ் அக்குவினாசும் 13ஆம் நூற்றாண்டில் இதே கேள்வியை எடுத்துக்கொண்டார். இறையியல் தொகுப்பு என்னும் அவருடைய பெருநூலின் முதல் வினாவிலேயே இது வருகிறது. அவர் சொல்வதன் சாரம் இதுதான்: எதிரில் இருப்பவர் நாம் ஏற்பதில் ஏதேனும் ஒன்றையாவது ஏற்றுக்கொண்டால், அந்த ஒன்றிலிருந்து தொடங்கி மற்றதை அவருக்கு விளக்கலாம். எதையுமே ஏற்காதவருக்கு எதையும் நிரூபிக்க வழியில்லை. ஆனாலும் அவர் எழுப்பும் தடைகளுக்குப் பதில் சொல்லலாம். கவனியுங்கள், 'அவரைத் துரத்திவிடு' என்று புனிதர் சொல்லவில்லை. நிரூபிக்கும் முயற்சியை விட்டுவிடச் சொல்கிறார், பதில் சொல்லும் பொறுப்பை விடச் சொல்லவில்லை. எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்பதை முதலில் நேர்மையாக எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் தம் விடையைத் தருவார் அவர். அரசியல் பேசும் நமக்கும் அந்த ஒழுங்கு வேண்டும்.

நம் ஆண்டவரும் எல்லாரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. உயிர்ப்பை நம்ப மறுத்த தோமா ஆதாரம் கேட்டார். என்ன கண்டால் நம்புவேன் என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார். ஆண்டவர் கோபிக்கவில்லை, தம் காயங்களையே காட்டினார். ஆனால் கோவிலில் தலைமைக் குருக்களும் மூப்பர்களும் வந்து, எந்த அதிகாரத்தால் இதைச் செய்கிறீர் என்று கேட்டபோது நடந்ததைப் பாருங்கள். மத்தேயு நற்செய்தி 21ஆம் அதிகாரம் அது. திருமுழுக்கு யோவானைப் பற்றி ஆண்டவர் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டார். அவர்கள் தங்களுக்குள் கலந்து பேசினார்கள். இப்படிச் சொன்னால் நமக்குச் சிக்கல், அப்படிச் சொன்னால் மக்கள் நம்மைச் சும்மா விடமாட்டார்கள் என்று கணக்குப் போட்டார்கள். எது உண்மை என்று அவர்கள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கடைசியில் தெரியாது என்று கைவிரித்தார்கள். அத்தோடு ஆண்டவரும் அந்த உரையாடலை நிறுத்திக்கொண்டார். ஏரோதுக்கு முன்னால் அவர் பேசவே இல்லை. தோமாவின் சந்தேகத்தில் நேர்மை இருந்தது, அவர்களுடைய கேள்வியில் அது இல்லை.

ஆகவே, அன்பார்ந்தவர்களே, வாதத்தில் இறங்கும் முன் அமைதியாக ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் சொல்வது தவறு என்று தெரியவந்தால் மாற்றிக்கொள்வீர்களா? எதைக் காட்டினால் ஒப்புக்கொள்வீர்கள்?" ஏதாவது ஒரு பதில் வந்தால் பேசுங்கள். "எதைக் காட்டினாலும் மாட்டேன்" என்றால் வாதத்தை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அதே கேள்வியை உங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஆதரிக்கும் கட்சியைப் பற்றி, என் தலைவரைப் பற்றி, என் சாதியைப் பற்றி எதைக் காட்டினால் நான் ஒப்புக்கொள்வேன்? இதற்கு நம்மிடம் பதில் இல்லையென்றால், விதண்டாவாதம் செய்வது நாம்தான்.

வாதத்தை முடித்துக்கொள்வது என்றால் எப்போதும் வாயை மூடிக்கொள்வது என்று பொருள் அல்ல. பொய்யால் இன்னொருவருக்குத் தீங்கு வரும் என்றால் பேசியே ஆக வேண்டும்.

2018ஆம் ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பிய ஒரு கூட்டம், குலதெய்வக் கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பத்தைத் தாக்கியது. 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அந்த ஆண்டு நாட்டின் பல பகுதிகளிலும் இப்படிப் பலர் இறந்த பிறகுதான், ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவராவது "இது பொய், நிறுத்துங்கள்" என்று உரக்கச் சொல்லி, நான்கு பேராவது அதைக் கேட்டிருந்தால்?

2023ஆம் ஆண்டு மார்ச்சில் வேறொரு வதந்தி. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வடமாநிலங்களில் காணொளிகள் பரவின. அவற்றில் ஒன்று வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது, இன்னொன்று உள்ளூர்க்காரர்கள் இருவருக்கு இடையே நடந்தது என்று நம் காவல்துறை விளக்கியது. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து நேரில் விசாரித்து, நிறைவோடு திரும்பியது. அதற்குள் எத்தனை தொழிலாளர்கள் பயந்துபோய் ரயில் ஏறியிருப்பார்கள்! ஊரில் எத்தனை தாய்மார்கள் தூங்காமல் இருந்திருப்பார்கள்!

இப்படிப்பட்ட நேரத்தில் பொய்யைப் பரப்புகிறவர் மனம் மாறுவாரா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நாம் பேசுவது அவருக்காக மட்டும் அல்ல. அதே குழுவில் எதுவும் சொல்லாமல் வாசித்துக்கொண்டிருக்கும் 50 பேருக்காகவும், அந்தப் பொய்யால் அடிபடப் போகிறவருக்காகவும்தான். ஒரே ஒரு முறை, கோபம் இல்லாமல், ஆதாரத்தோடு சொல்லுங்கள். சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பதிலுக்குப் பதில் என்று நீட்டினால் கேட்கிறவர்களுக்கு உண்மை மறந்துபோகும், சண்டைதான் நினைவில் நிற்கும்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். உண்மையை ஏற்காதவர் எல்லாரும் பிடிவாதக்காரர் அல்ல. பலர் பயந்தவர்கள். 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். இரண்டு நாளில் மாரடைப்பால் இறந்துபோனார். அவருடைய மரணத்துக்குத் தடுப்பூசி காரணம் அல்ல என்று பின்னர் தேசியக் குழு ஆராய்ந்து சொன்னது. ஆனால் அந்த வாரத்தில் ஊசிக்குப் பயந்து ஒதுங்கிய ஒரு தாய்க்கு அறிக்கையை வாசித்துக் காட்டி என்ன பயன்? "உங்களுக்கு எதை நினைத்தால் பயமாக இருக்கிறது, அம்மா?" என்று கேட்டு, அவர் சொல்வதை முழுவதும் கேட்டு, "நானும் கூட வருகிறேன்" என்று சொல்கிறவரின் பேச்சுத்தான் எடுபடும். அரசியலிலும் இதுவே நடக்கிறது. வேலை போய்விடுமோ, நிலம் போய்விடுமோ, பிள்ளைகளுக்கு எதிர்காலம் இல்லையோ என்ற பயம் பல பொய்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அந்தப் பயத்தைப் பற்றிப் பேசினால், சில நேரம் பொய் தானாகவே விலகும்.

அதனால் பத்துப் பேர் பார்க்கும் குழுவில் ஒருவரை மடக்காதீர்கள். எல்லார் முன்னாலும் தோற்றவர் வீட்டுக்குப் போய் இன்னும் உறுதியாகவே நிற்பார். தனியாகப் பேசுங்கள். தேநீர் குடித்துக்கொண்டு பேசுங்கள். நீங்களும் ஒரு செய்தியை அனுப்பும் முன் அது உண்மையா என்று பாருங்கள். எட்டாம் கட்டளை நீதிமன்றக் கூண்டுக்கு மட்டும் உரியதல்ல. அடுத்தவர் பெயரைக் கெடுக்கும் பொய்யைச் சரிபார்க்காமல் அனுப்புவதும் அந்தக் கட்டளைக்கு எதிரான செயல்தான். பாவசங்கீர்த்தனத்துக்கு ஆன்மசோதனை செய்யும்போது கைபேசியையும் ஒரு முறை நினைத்துப் பாருங்கள்.

வாதம் முடிந்தாலும் உறவு முடிய வேண்டியதில்லை. மச்சானோடு அரசியல் பேச முடியாவிட்டால் பேசாதீர்கள். ஆனால் அவர் மகளின் திருமணத்துக்கு முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். அவர் மருத்துவமனையில் இருந்தால் இரவு துணைக்கு இருங்கள். என்றாவது ஒரு நாள் அவருக்கே சந்தேகம் வரும், யாரிடமாவது கேட்க வேண்டும் என்று தோன்றும். தன்னைக் கேலி செய்தவரிடம் அவர் போக மாட்டார். உண்மையையும் சொல்லி, தன் பக்கத்திலும் நின்றவரிடம்தான் போவார்.

எப்போது பேசுவது, எப்போது நிறுத்துவது என்று தேர்ந்து தெளியும் ஞானத்தைத் தூய ஆவியார் நம் ஒவ்வொருவருக்கும் தருவாராக. ஆமென்.