கல்யாண வீடியோவும் கணிப்பொறியின் மூளையும்

நமது சங்கத்தின் நவராத்திரி விழாவை வீடியோ எடுத்துத் தந்த பையனை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அஜ்னி எஞ்சின் ஷெட்டில் என்னோடு பணிபுரிந்த நண்பரின் மகன். நண்பர் 2021-இல் காலமாகிவிட்டார். மறு ஆண்டு, அவர் ஓய்வுபெற்றபோது வந்து வங்கியில் கிடந்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, பையனுக்குக் கல்யாண வீடியோ எடிட்டிங் தொழில் வைத்துக் கொடுக்க அவர் மனைவி முடிவு செய்தார். "எனக்கு இதெல்லாம் தெரியாது அண்ணா. நீங்க எதைச் சொல்றீங்களோ அதையே வாங்கிக்கறோம்" என்றார். 1979-இல் வாங்கிய எலெக்ட்ரிகல் டிப்ளமோ தந்த தைரியத்தில் நானும் சரி என்றேன். அதில் நான் செய்த பிழையையும், அதைத் திருத்திய விதத்தையும் இங்கே எழுதுகிறேன். இதே தொழிலில் பிள்ளைகளை இறக்க எண்ணுவோருக்கு உதவும்.

கணிப்பொறியின் மூளை பிராசஸர். குதிரைத்திறன் பார்த்து எஞ்சினை எடைபோட்ட பழக்கத்தில், 'எத்தனை கோர்?' என்று மட்டுமே கேட்டேன். கோர் என்பது பிராசஸருக்குள் தனியாக வேலை செய்யக்கூடிய ஒரு பிரிவு. இன்டெல் நிறுவனத்தின் ஐ7 12700எஃப் கிடைத்தது, 12 கோர்கள். 'எஃப்' என்று முடிந்தால் பிராசஸருக்குள் இருக்க வேண்டிய கிராபிக்ஸ் பகுதி கிடையாது என்று பொருள். "தனியாகக் கிராபிக்ஸ் கார்டு போடுகிறீர்களே, உள்ளே வேறு எதற்கு? இரண்டாயிரம் ரூபாய் மிச்சம்" என்றார் கடைக்காரர். எனக்கும் நியாயமாகவே பட்டது.

முதல் கல்யாணம் முடிந்து, பையன் முகூர்த்தக் காட்சியைத் திரையில் ஓட்டினான். தாலி கட்டும் கை பாதியில் நிற்கிறது. நாதஸ்வரம் மட்டும் ஓடுகிறது. கெட்டிமேளம் ஓய்ந்து வெகுநேரம் கழித்து முடிச்சு விழுகிறது! ஒரு மாதத்தில் தருவதாகச் சொன்ன வீடியோ மூன்று மாதமாயிற்று. பெண் வீட்டார் பாக்கித் தொகையில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத்தான் அந்த வீட்டுப் பக்கம் போகவே கூச்சமாக இருந்தது.

காரணத்தைத் தேட உட்கார்ந்தேன். 4கே படம் ஒன்றில் 3840-க்கு 2160 என்ற கணக்கில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 50 படங்கள் எடுத்தால் 41 கோடிப் புள்ளிகளுக்கு மேல். இதை அப்படியே சேமித்தால் எந்தக் கார்டும் தாங்காது. ஆகவே கேமரா ஒரு தந்திரம் செய்கிறது. ஒரு படத்தை முழுதாக எழுதி, அடுத்தடுத்த படங்களில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்கிறது. பழைய குமாஸ்தாக்கள் பதிவேட்டில் முதல் வரியை முழுதாக எழுதிவிட்டு, கீழே 'மேற்படி, மேற்படி' என்று போட்டுக்கொண்டே போவார்களே, அதுபோல. எழுதுவது சுலபம். ஆனால் முப்பதாவது வரியில் என்ன இருக்கிறது என்று அறிய, முழு வரி வரை மேலே ஏறித்தான் பார்க்க வேண்டும். வெட்டி ஒட்டுகிறவன் நிமிடத்துக்கு இருபது முறை அங்குமிங்கும் தாவுகிறான். ஒவ்வொரு முறையும் பிராசஸர் மேலே ஏறி இறங்க வேண்டும். ஓட்டிப் பார்க்கும்போது ஒரு படத்துக்கு அதற்குக் கிடைக்கும் அவகாசம் 20 மில்லிநொடிதான்.

இந்த 'மேற்படி'களை விரிப்பதற்கென்றே தனிச் சுற்று ஒன்றை இன்டெல் 2011 முதல் தன் பிராசஸர்களில் வைத்து வருகிறது. அதன் பெயர் குவிக் சிங்க். அது இருப்பது, நாங்கள் இரண்டாயிரம் ரூபாய்க்காக வேண்டாம் என்று சொன்ன அதே கிராபிக்ஸ் பகுதியில்!

தனிக் கார்டிலும் இத்தகைய சுற்று உண்டு. கடைக்காரர் சொன்னது முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பையன் வாடகைக்கு எடுக்கும் சோனி கேமரா எழுதுவது 10 பிட், 4:2:2 என்ற வகை. 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 10 பிட்டில் 1024. சாதாரண 4:2:0 வகையைப் போல் இரு மடங்கு நிற விவரம் 4:2:2-இல் உண்டு. பட்டுப்புடவையின் நிறத்தைப் பின்னால் திருத்த இது வேண்டும் என்பான். இந்த வகையை, அதுவும் எச்.இ.வி.சி. முறையில் எழுதியிருந்தால், இன்டெல்லின் 12 முதல் 14 வரையான தலைமுறைகளின் உள் கிராபிக்ஸ் விரிக்கும். நாங்கள் வாங்கியிருந்த என்விடியா 3060 கார்டு விரிக்காது. அந்த நிறுவனம் 2025-இல் வெளியிட்ட 50 வரிசைக் கார்டுகளில்தான் இந்த வசதி வந்தது. ஏ.எம்.டி.யின் ரைசன் 7000, 9000 வரிசைகள் வேகமானவை. இறுதி வீடியோவைத் தயாரிக்கும் கனமான வேலையில் சோடை போகாதவை. ஆனால் அவற்றின் உள் கிராபிக்ஸும் 4:2:2-ஐ விரிக்காது. அவற்றை வாங்குவோர் கார்டைப் பார்த்து வாங்க வேண்டும்.

கேமராவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அதே 10 பிட் 4:2:2-ஐ எச்.264 என்ற பழைய முறையில் எழுதும்படி வைத்துவிட்டால், நான் சொன்ன இன்டெல் தலைமுறைகளும் கைவிரித்துவிடும். சோனியில் 'எக்ஸ்.ஏ.வி.சி. எச்.எஸ்.' என்பது புதிய முறை. வெறும் 'எஸ்' என்பது பழையது.

சரி, 12 கோர்களும் சேர்ந்து இழுக்கக் கூடாதா என்பீர்கள். இரட்டைப் பாதையின் நடுவே ஒற்றைப் பாதைப் பாலம் ஒன்று இருந்தால் என்ன ஆகும்? வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க முடியாததாக இருந்தால், 8 கோர்கள் போட்டாலும் வேகம் 4.7 மடங்குதான். 16 போட்டால் 6.4 மடங்கு. ஆயிரம் போட்டாலும் 10 மடங்கைத் தாண்டாது. 1967-இல் ஜீன் ஆம்டால் எடுத்துக்காட்டிய உண்மை இது.

2024-இல் பழைய மதர்போர்டையே வைத்துக்கொண்டு, அதன் பயாஸைப் புதுப்பித்து, ஐ5 14500 போட்டோம். "ஏழா இருந்ததை அஞ்சாக்கிட்டீங்களே அண்ணா" என்று அந்த அம்மாள் முதன்முறையாகக் கவலைப்பட்டார். ஷெட்காரர் வீட்டு அம்மாள் அல்லவா, எஞ்சின் கணக்கே சொன்னேன். டபிள்யூ.ஏ.ஜி.-9, டபிள்யூ.ஏ.பி.-7 இரண்டும் ஏறக்குறைய ஒரே எஞ்சின். பல்சக்கர விகிதத்தை மாற்றியதில் ஒன்று சரக்கு வண்டிக்கும் மற்றது பயணிகள் வண்டிக்கும் ஆயிற்று. ஒன்பது பெரிது என்று அதைத் துரந்தோவில் பூட்டுவார்களா? சிரித்துவிட்டார்.

புதியதைப் பொருத்தியும் முதல் நாள் ஒன்றும் மாறவில்லை. எனக்கு வியர்த்துவிட்டது. தனிக் கார்டு இருந்தால் பல மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸைத் தாமே அணைத்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. பயாஸில் போய் அதைத் திறந்த பிறகு, தாலி கெட்டிமேளத்தோடு ஏறியது.

அடுத்தது வெப்பம். நாக்பூர் மே மாதத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மோட்டாருக்குத் தொடர் திறன் வேறு, சற்று நேரம் தாங்கும் திறன் வேறு. பிராசஸருக்கும் அப்படியே. 14500-இன் அடிப்படை மின்செலவு 65 வாட், உச்சம் 154. ஐ9 14900கே என்றால் 125, உச்சம் 253. அறையில் எத்தனை டிகிரி ஏறுகிறதோ, ஏறக்குறைய அத்தனையும் பிராசஸரிலும் ஏறும். 100 டிகிரியைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மொட்டை மாடி அறையில் ஐ9-க்குக் கொடுக்கும் பணத்தில் பாதி வீண். நம்மூர் தண்ணீர்க் கூலரைக் கணிப்பொறிக்கு நேரே திருப்பி வைக்காதீர்கள். ஈரமும் தூசியும் உள்ளே போகும். 2024-இல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகங்கள் சிலவற்றில் மின்னழுத்தம் அளவுக்கு மேல் ஏறிப் பழுது உண்டானது. நிறுவனம் திருத்தம் வெளியிட்டு, அவற்றுக்கு உத்தரவாதத்தையும் 2 ஆண்டு நீட்டித்தது. அவற்றை வாங்குவோர் புதிய பயாஸ் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.

பேத்தியின் அரங்கேற்றத்தைக் கைபேசியில் எடுத்து வெட்டுவோருக்கு இந்தத் தலைவலி இல்லை. கைபேசி எழுதுவது பெரும்பாலும் 4:2:0. சாதாரணப் பிராசஸரே போதும். பழைய கணிப்பொறியை மாற்ற வசதியில்லாதவர்கள் 'பிராக்ஸி' என்ற சிறிய நகல்களை இரவில் உண்டாக்கி, பகலில் அவற்றை வைத்து வெட்டலாம். கடைசியில் அசல் படம்தான் வெளிவரும். பையன் இரண்டு ஆண்டு அப்படித்தான் ஓட்டினான்.

கடைக்குப் போகும்போது, உங்கள் கேமராவில் எடுத்த ஒரு நிமிடக் காட்சியைப் பென் டிரைவில் கொண்டுபோய், அங்கேயே ஓட்டச் சொல்லிப் பாருங்கள். நாங்கள் இரண்டாம் முறை சீதாபுல்டிக்குப் போனபோது அப்படித்தான் செய்தோம். கழற்றிய 12700எஃப்-ஐக் கல்லூரி மாணவன் ஒருவன் வாங்கிக்கொண்டான். கணிப்பொறியில் விளையாட்டு விளையாடுவதற்காம்; அவனுக்கு அது மிகப் பொருத்தம்.