பழைய கணிப்பொறியைப் புதுக்குதல்

பழமை வேறு, பயனின்மை வேறு. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொள்வார் தம் பொருளையும் இழப்பர். இன்னும் பல்லாண்டு உழைக்கத்தக்க கருவியையும் குப்பையில் இடுவர். இவ்வுண்மை கணிப்பொறியின்கண் மிகத் தெளிவாக விளங்குகின்றது. மைக்ரோசாப்ட் கம்பெனியார் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு அளித்துவந்த பொது ஆதரவை 2025 அக்டோபர் 14 ஆம் நாளோடு முடித்தனர். அதற்குப் பின்னதாகிய விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும், அண்மைத் தலைமுறைப் பிராசஸரையும் வேண்டுவது. ஆகவே நல்ல நிலையில் இயங்கிய பொறிகள் பல ஒரே நாளில் பழம்பொருள் எனப் பெயர்பெற்றன. புதியது வாங்கப் பொருளில்லாத மாணவன் யாது செய்வான்? எவ்வுறுப்பை வைத்துக்கொள்ளலாம், எதனை மாற்றவேண்டும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மேசைக் கணிப்பொறி ஒரே துண்டாக வார்க்கப்பட்டதன்று. ஐ.பி.எம். கம்பெனியார் 1981 இல் வெளியிட்ட பொறியிலேயே, வேண்டிய அட்டைகளைச் செருகிக்கொள்ளும் பள்ளங்கள் அமைந்திருந்தன. அன்றுதொட்டு உறுப்புகளின் அளவும் இணைப்பும் பொது விதிகளுக்கு உட்பட்டு வளர்ந்தன. 1995 இல் வகுக்கப்பட்ட ஏ.டி.எக்ஸ். அளவின்படி செய்த பெட்டியில் இன்று விற்கும் மதர்போர்டையும் பொருத்தலாம். 2003 இல் வந்த சாட்டா இணைப்பு இன்றும் வழக்கில் உள்ளது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் அட்டைகளுள் புதியது பழைய பள்ளத்திலும், பழையது புதிய பள்ளத்திலும் பெரும்பாலும் இயங்கும். வேகம் மட்டும் இரண்டில் குறைந்ததன் அளவாக நிற்கும். உறுப்புகளைத் தனித்தனியே மாற்றுதல் கூடுவதற்கு இவ்விதிகளே காரணம்.

இனி, முதற்கண் அறியவேண்டுவது தாமதம் எவ்வுறுப்பில் நிகழ்கின்றது என்பதாம். ஜீன் அம்டால் என்னும் பொறியறிஞர் 1967 இல் எடுத்துரைத்த கருத்தினின்று, அவர் பெயராலேயே வழங்கும் நெறியொன்று உண்டு. ஒரு பகுதியை எத்துணை விரைவுபடுத்தினும், மிச்சமாகும் நேரம் அப்பகுதி கொள்ளும் நேரத்தைக் கடவாது என்பது அதன் சாரம். உதாரணமாக, ஒரு பொறி வேலைக்கு ஆயத்தமாக 100 விநாடி ஆகின்றது என்று கொள்வோம். அவற்றுள் 80 விநாடி ஹார்டு டிஸ்கிற்காகக் காத்திருத்தலிலும், 20 விநாடி பிராசஸரின் வேலையிலும் கழிகின்றன. பிராசஸரை இருமடங்கு வேகமுடையதாக மாற்றின் 90 விநாடி ஆகும். பிராசஸரைத் தொடாது, டிஸ்கை மட்டும் பதின்மடங்கு வேகமுடையதாக மாற்றின் 28 விநாடியே ஆகும். பொறி தயங்கும் வேளையில் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்பவற்றுள் எது நூற்றுக்கு நூறை நெருங்கி நிற்கின்றது என்று நோக்கின், குறை எங்குள்ளது என்பது புலனாகும்.

2012 ஆம் ஆண்டளவில் வாங்கிய, மூன்றாந் தலைமுறை இன்டெல் பிராசஸரும் டி.டி.ஆர்.3 மெமரியும் உடைய பொறியொன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஹார்டு டிஸ்க் நிமிடத்திற்கு 7,200 முறை சுழல்வதாயின், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லிவிநாடி ஆகும். வேண்டிய செய்தி படிக்கும் முனையின்கீழ் வந்துசேரச் சராசரி அரைச்சுற்றும், முனை தன் இடத்திற்கு நகர்தற்கு வேறு நேரமும் ஆகும். எஸ்.எஸ்.டி.யிலோ சுழல்வதும் நகர்வதும் ஒன்றுமில்லை. அது பழைய சாட்டா இணைப்பிலேயே மாட்டத்தக்கது. பழைய டிஸ்கையும் அகற்றாது, கோப்புகளுக்குக் களஞ்சியமாக வைத்துக்கொள்ளலாம். அடுத்து, மெமரி 4 ஜி.பி. மட்டும் இருப்பின் 8 ஆகப் பெருக்குதல் நலம். அதற்கு டி.டி.ஆர்.3 பட்டையே வேண்டும். டி.டி.ஆர்.4 பட்டையின் வெட்டு வேறிடத்தில் இருத்தலின் அது பள்ளத்தில் அமராது. வலிந்து அழுத்தின் பள்ளமே கெடும்.

பிராசஸரை மாற்ற விரும்புவார்க்கே இடர் மிகுதி. பிராசஸர், மதர்போர்டு, மெமரி ஆகிய மூன்றும் தம்முள் பிணைந்தவை. ஒன்றை மாற்றப் புகின் மற்றவற்றையும் மாற்ற நேர்வதுண்டு. பிராசஸர் அமரும் பள்ளத்தின் பெயர் ஒன்றாயிருத்தலும் போதாது. இன்டெல் கம்பெனியார் 2015 இல் வெளியிட்ட எல்.ஜி.ஏ. 1151 பள்ளமுடைய மதர்போர்டுகளுக்கு, 2017 இல் வந்த எட்டாந் தலைமுறை மேசைப் பிராசஸர்கள் ஏற்றனவாக அமையவில்லை. பள்ளத்தின் பெயரோ அதுவே. இதற்கு மாறாக, ஏ.எம்.டி. கம்பெனியார் 2016 இல் கொணர்ந்த ஏ.எம்.4 பள்ளம் நெடிது நின்றது. 2017 இல் வாங்கிய பலகைகள் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்த பின்னர், 2022 இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசஸரும் இயங்கியது. ஆகலின் பணம் கொடுக்குமுன், மதர்போர்டு செய்தார் வெளியிட்டுள்ள பட்டியலில் அப்பிராசஸரின் பெயர் உளதா என்று பார்த்தல் இன்றியமையாதது.

மூன்றனையும் ஒருங்கே மாற்ற நேரினும் பெட்டி, திரை, விசைப்பலகை, மவுஸ், டிஸ்க் ஆகியன தங்கும். பவர் சப்ளை மட்டும் ஐயத்திற்குரியது. அதனுள் உள்ள கப்பாசிட்டர்கள் வெப்பத்தால் நாளடைவில் தளர்வன. புதிய கிராபிக்ஸ் அட்டை வேண்டும் வாட் அளவைப் பழையது தராமற்போதலும் உண்டு. அது கெடின் தான் மட்டும் கெடாது, ஏனையவற்றையும் கெடுத்தல் கூடும். இவ்விடத்துச் சிக்கனம் ஆகாது. காற்றாடியில் அடைந்த தூசியை நீக்குதல், உலர்ந்த தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாக இடுதல், கடிகாரம் பிழைபடின் சி.ஆர்.2032 பட்டன் செல்லை மாற்றுதல் ஆகியவை சிறு செலவிற் பெரும்பயன் தருவன.

உறுப்புகள் திருந்திய பின்னும் விண்டோஸ் 11 க்கு உரியதாகாத பொறியைப் பழைய தளத்தோடு இணையத்தில் விடுதல் தகாது. பாதுகாப்புத் திருத்தம் பெறாத தளம் பூட்டற்ற கதவு போன்றது. 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட உபுண்டு, மின்ட் முதலிய தளங்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. கட்டுரை எழுதுதற்கும், நிரல் பயிலுதற்கும், நூல்களைத் தேடுதற்கும் அவை போதியன. எம்மாற்றத்திற்கும் முன்னர்த் தம் கோப்புகளை வேறிடத்திற் படியெடுத்து வைத்தல் முதற்கடன்.

ஐக்கிய நாடுகளின் சார்பில் 2024 இல் வெளியான கணக்கின்படி, 2022 ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த மின்கருவிக் குப்பை 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது நூற்றுக்கு 22.3 பங்கே. ஆயினும், பழையதைக் காத்தலுக்கும் ஓர் எல்லை உண்டு. மாற்றும் உறுப்புகளின் விலை, தக்கதொரு வேறு பொறியின் விலையை எட்டுமாயின் அங்கே நின்றுவிடுதலே அறிவுடைமை. குறையுள்ள உறுப்பை முதலில் அறிந்து, அதனுடன் பிணைந்தவை யாவை என்று ஆராய்ந்து, அதன்பின் கடைக்குச் செல்வோமாயின், நம் பொருளும் மிஞ்சும். நம் பொறியும் இன்னும் சில ஆண்டு நமக்கு உழைக்கும்.