சாவி பாக்கெட்டிலேயே இருக்கட்டும்

விடியற்காலை நாலரைக்கு அக்கா மகன் போன் செய்தான். ஒட்டன்சத்திரத்தில் முருங்கைக்காய் ஏற்றிக்கொண்டு பாலக்காட்டுக்குக் கிளம்பியவன், வழியில் ஒரு பங்க்கில் நிற்கிறான்.

"மாமா, நம்ம பிக்கப்புல பெட்ரோல் அடிச்சுட்டாங்க. பதினாலு லிட்டர் ஏறின பிறகுதான் பார்த்தேன். ஒண்ணும் ஆகாது, மேல டீசலை ஃபுல் பண்ணிட்டுப் போங்கங்கறாங்க."

"சாவி எங்க?"

"பாக்கெட்ல."

"அங்கேயே இருக்கட்டும். வண்டியை நியூட்ரல்ல போட்டு ஓரமாத் தள்ளச் சொல்லு."

ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். டீ ஆறட்டும், சொல்கிறேன்.

சைக்கிளுக்குக் காற்றடித்திருப்பீர்கள். நாலு அடி அடித்ததும் பம்பின் அடிப்பக்கம் சுடும். காற்றை நெருக்கினால் சூடாகும், அவ்வளவுதான் சூத்திரம். ருடால்ப் டீசல் 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டிக் காட்டிய இன்ஜின் இதை நம்பித்தான் ஓடியது. இன்றைய டீசல் இன்ஜின் காற்றைப் பதினாறில், பதினெட்டில் ஒரு பங்காக நெருக்குகிறது. சூடு 500 டிகிரியைத் தாண்டும். அதற்குள் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும், ஸ்பார்க் பிளக் வேண்டாம்.

பெட்ரோலின் குணம் நேர்மாறு. எவ்வளவு நெருக்கினாலும் பிளக் பொறி தட்டும்வரை பொறுத்திருக்க வேண்டும், அதுதான் நல்ல பெட்ரோலுக்கு அழகு. பங்க்கில் 91, 95 என்று எழுதியிருக்கும் ஆக்டேன் எண் இந்தப் பொறுமைக்குக் கொடுக்கும் மார்க். டீசலுக்கு சீட்டேன் என்று வேறு மார்க். எவ்வளவு சீக்கிரம் பற்றுகிறது என்பதற்கு அது. நம் நாட்டு டீசலுக்குக் குறைந்தது 51 இருக்க வேண்டும். ஒன்றில் முதல் மாணவன் மற்றதில் ஃபெயில். அதனால் டீசல் இன்ஜினில் பெட்ரோல் கலந்தால் நேரம் தப்பித் தப்பிப் பற்றும். இழுவை போகும், டக் டக்கென்று தட்டும், புகை தள்ளும், கடைசியில் நின்றுவிடும்.

வண்டி நின்றுபோவது பெரிய நஷ்டமில்லை. பெரிய நஷ்டம் வேறிடத்தில்.

டீசலில் ஒரு சொட்டு, பெட்ரோலில் ஒரு சொட்டு, இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். டீசல் வழுவழு என்று ஓடும், சோப்புப் போட்டாலும் வாசனை போகாது. பெட்ரோல் ஜில்லென்று பறந்துவிடும். தோல் வெளுத்து, விரலோடு விரல் உரசும். உங்கள் விரலுக்கு நடந்ததுதான் வண்டியின் ஹை பிரஷர் பம்புக்கும் நடக்கிறது. அந்தப் பம்புக்குள் ஓடும் டீசல்தான் அதற்கு ஆயிலும்கூட.

பழைய லாரிகளின் மைக்கோ பம்பில் கேமுக்குத் தனியாக ஆயில் உண்டு, அழுத்தமும் குறைவு. கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலும் முனகிக்கொண்டே ஓடிவிடும். ஐரோப்பாவின் கடுங்குளிரில் டீசல் மெழுகாக உறையும். அதற்காகக் கொஞ்சம் பெட்ரோல் கலந்துகொள்ளலாம் என்று பழைய டீசல் கார்களின் கையேட்டிலேயே போட்டிருந்தார்கள். "ஒண்ணும் ஆகாது" என்ற பேச்சு அந்தக் காலத்து மிச்சம்.

இப்போதைய காமன் ரெயில் வண்டிக்கு அது பொருந்தாது. லாரி டயரில் 110 காற்று அடிக்கிறோம் அல்லவா, அதே கணக்கில் ரெயில் என்கிற டீசல் குழாய்க்குள் 23,000-க்கு மேல் போகும். உள்ளே உலோகமும் உலோகமும் சில மைக்ரான் இடைவெளியில் ஓடுகின்றன. தலைமுடியின் பருமனே அதைப்போலப் பல மடங்கு. அங்கே வழுவழுப்பு போனால் இரும்பு இரும்பைத் தின்னும். உதிரும் பொடி ரெயிலுக்குப் போகும், இன்ஜெக்டருக்குப் போகும், ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்பி வரும். பிறகு பம்பை மட்டும் மாற்றிப் பயனில்லை, புதுப் பம்பும் அதே பொடியைத்தான் குடிக்கும். போதாததற்கு, 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்ததிலிருந்து டீசலில் கந்தகத்தை 10 பி.பி.எம்.முக்குக் குறைத்துவிட்டார்கள். கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் இயல்பான வழுவழுப்பும் குறைகிறது. மருந்து கலந்துதான் அதை ஈடுகட்டுகிறார்கள்.

செல்ஃப் அடிக்காவிட்டாலும், சும்மா சாவியை ஆன் போட்டாலே போதும். பல வண்டிகளில் டேங்குக்குள் இருக்கும் மோட்டார் ஓட ஆரம்பித்து, இருப்பதை முன்னால் தள்ளிவிடும். அதனால்தான் சாவி பாக்கெட்டில் என்றதும் எனக்கு மூச்சு வந்தது. அதுவரை டேங்கைச் சுத்தம் செய்தால் முடிகிற வேலை. அதன் பிறகு லட்சத்தில் பேச வேண்டும்.

பங்க் பையனை நான் திட்ட மாட்டேன். குட்டி யானை என்கிற சின்ன லாரி 2005-ல் வந்தபோது டீசல் மட்டும்தான். பிறகு அதிலேயே பெட்ரோலும் வந்தது, கேஸும் வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வண்டி. பெட்ரோல் கன்னின் மூக்கு மெலிசு, டீசல் டேங்கின் வாய்க்குள் தடையில்லாமல் போகும். டிரைவர் தூக்கக் கலக்கத்தில் "ரெண்டாயிரத்துக்கு" என்று மட்டும் சொன்னால் பையன் என்ன செய்வான்? பைக்கில் டீசல் போட்டுவிட்டால் இவ்வளவு கலவரம் இல்லை. புகையும், பிளக் அடைக்கும், கழுவிவிடலாம். ஆனால் பி.எஸ். 6 லாரியின் நீல மூடி டேங்குக்குப் போக வேண்டிய யூரியாத் தண்ணீரை டீசலில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பெட்ரோலைவிட மோசம். பாதிக்கு மேல் தண்ணீர், மீதி யூரியா; துருவும் பிடிக்கும், உப்புப்போல் உறையவும் செய்யும்.

மாப்பிள்ளைக்கு வேறொரு சந்தேகம். "பில்லுல எம்.எஸ்.னு போட்டிருக்கே மாமா, பெட்ரோல்னு இல்லையே?" எம்.எஸ். என்றால் மோட்டார் ஸ்பிரிட், பெட்ரோலின் ஆபீஸ் பெயர். டீசலாக இருந்தால் எச்.எஸ்.டி. என்று இருக்கும். அந்தப் பில்லைப் பத்திரமாக வை என்றேன்.

ஆறு மணிக்கு மெக்கானிக் வந்தார். வாயால் உறிஞ்சி எடுக்கவே கூடாது என்பதையும், பக்கத்தில் பீடி கூடாது என்பதையும் போனிலேயே சொல்லியிருந்தேன். டீசல் கொட்டிக் கிடக்கும் தரையில் பீடி பிடித்தே பழகிய பட்டறைகள் உண்டு. பெட்ரோல் கலந்துவிட்டால் அந்தக் கலவையைப் பெட்ரோலாகவே நினைக்க வேண்டும். டேங்கை இறக்கி வடித்து, ஃபில்டரை மாற்றி, புது டீசல் ஊற்றி, கையால் பிரைமரை அமுக்கி ஏர் எடுத்தார்கள். இரண்டாவது செல்ஃபுக்கு வண்டி பிடித்துக்கொண்டது.

முருங்கைக்காய் மதியத்துக்கு மேல்தான் பாலக்காடு போய்ச் சேர்ந்தது. வாடிப்போச்சு என்று மண்டிக்காரர் விலையைக் குறைத்துவிட்டாராம். போனில் ஒரே புலம்பல். ஒரு இன்ஜெக்டர் என்ன விலை என்று விசாரித்துவிட்டு அப்புறம் புலம்பு என்றேன்.