உங்களுக்குத் தெரியுமா? பகடை உருட்டியும் பாஸ்வேர்டு உருவாக்கலாம்!

பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்தால்தான் பாஸ்வேர்டு வலுவானது என்ற விதி பரவலாக வேரூன்றக் காரணம், அமெரிக்காவின் ‘நிஸ்ட்’ அமைப்பு 2003-இல் வெளியிட்ட வழிகாட்டி. அந்த விதிகளை எழுதிய பில் பர், அவற்றில் பெரும்பாலானவற்றுக்காக இப்போது வருந்துவதாக 2017-இல் வெளிப்படையாகச் சொன்னார். விதிக்கு உட்பட வேண்டி மக்கள், ஒரு பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாக்கி, கடைசியில் 1 சேர்த்தார்கள். மாற்றச் சொன்னால் அதை 2 ஆக்கினார்கள். திருடர்களின் மென்பொருள் முதலில் சோதிப்பதும் இத்தகைய வடிவங்களைத்தான். அதே ஆண்டு நிஸ்ட் தன் விதியைத் திருத்தி, நீளத்துக்கு முதலிடம் தந்தது.

நீளமாகவும் வேண்டும், நினைவிலும் நிற்க வேண்டும் என்றால் ‘டைஸ்வேர்’ முறைக்கு ஈடில்லை. 1995-இல் ஆர்னால்ட் ரெய்ன்ஹோல்ட் வகுத்தது இது. 7,776 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று. பகடையை ஐந்து முறை உருட்டினால், விழும் எண்களுக்கு உரிய ஒரு சொல் அந்தப் பட்டியலிலிருந்து கிடைக்கும். இப்படி ஆறு சொற்களைக் கோத்தால், சாத்தியமான சேர்க்கைகள் 2-க்குப் பின் 23 சுழியங்கள் போட்ட எண்ணையும் தாண்டும்! சொற்களை மட்டும் நீங்களே பொறுக்காதீர்கள். மனம் பிள்ளைகளின் பெயர், பிடித்த நடிகர் என்று பழகிய பக்கமே போகும். ஒரே பாஸ்வேர்டை வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் வைக்கவும் வேண்டாம்: ஓரிடத்தில் கசிந்ததை மற்ற தளங்களிலெல்லாம் போட்டுப் பார்ப்பது திருடர்களின் வழக்கம்.