சங்கக் காரியாலயத்தில் மைச் செலவு

சாயம் வாங்கப் போகும் நெசவாளர் விலையை மட்டும் கேட்டுத் திருப்தியடைவதில்லை. எவ்வளவு நூலுக்குப் பிடிக்கும், துவைத்தால் நிற்குமா என்று விசாரித்த பின்பே பணத்தை எடுக்கிறார். பிரிண்டருக்கு மை வாங்கும் விஷயத்திலும் இதே விவேகம் நமக்கு வேண்டும். பவானி, சென்னிமலை நெசவாளர் சங்கமாயினும், பொள்ளாச்சி, கோபி விவசாயிகள் சங்கமாயினும், ரசீதும் கணக்கு அறிக்கையும் கடன் பத்திரமும் இன்று பிரிண்டரிலிருந்தே வருகின்றன. அச்செலவு அங்கத்தினர்களின் பணம்.

முதலில் மையின் தன்மையை அறிவோம். லேசர் பிரிண்டரில் உள்ளது திரவ மை அன்று; டோனர் என்னும் நுண்ணிய பிளாஸ்டிக் பொடி. அது மின்னேற்றத்தால் உருளையில் ஒட்டி, தாளுக்கு மாறி, சூட்டில் உருகிப் படிகிறது. 1938-இல் அமெரிக்கரான செஸ்டர் கார்ல்சன் கண்ட முறையின் வழி வந்தது இது. தண்ணீர் பட்டாலும் எழுத்துக் கரையாது. பல வாரம் ஓட்டாவிடினும் பொடி உலர்ந்து போகாது. ஆகவே நெடுநாள் காக்க வேண்டிய பத்திரங்களுக்கு ஏற்றது.

இங்க்ஜெட் மை இருவகை. கரைந்த சாயத்தால் ஆன மை ஈரம் பட்டால் பரவும். மிதக்கும் நிறமித் துகளால் ஆனது பெரும்பாலும் நிலைத்து நிற்கும். நெடுநாள் ஓட்டாமல் வைத்தால் மைத் துளைகள் அடைத்துக்கொள்ளும். ஆனால் பொடியை உருக்கும் வேலை இல்லாததால் மின்சாரம் குறைவாகவே செலவாகும். புட்டியிலிருந்து மை ஊற்றும் இங்க் டேங்க் வகையில், பெட்டியைத் தூக்கி எறியும் வழக்கமும் இல்லை. கருவியின் விலை சற்று அதிகம். நித்தியம் அச்சடிக்கும் காரியாலயத்துக்கு அது ஈடாகிவிடும்.

இனி விலைக் கணக்கு. பெட்டியின் விலையை, அது தரும் பக்கங்களால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, 900 ரூபாய்ப் பெட்டி 600 பக்கம் தந்தால் பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய். 2,400 ரூபாய்ப் பெட்டி 2,400 பக்கம் தந்தால் ஒரு ரூபாய். மாதம் 1,000 பக்கம் அடிக்கும் சங்கத்துக்கு, விலை கூடிய பெட்டியால் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மிச்சம். பெட்டியின்மேல் அச்சிட்ட பக்க எண்ணிக்கை, தாளில் சுமார் நூற்றுக்கு ஐந்து பங்கு இடமே கறுக்கும் என்று வைத்துச் சொல்லப்படுவது. கட்டங்களும் கோடுகளும் நிறைந்த படிவங்களுக்கு அது குறையும். புதுக் கருவியுடன் வரும் முதற் பெட்டியில் பல சமயம் அளவு குறைத்தே நிரப்பியிருப்பார்கள்.

மறுபடி நிரப்பிய டோனர் பெட்டிகள் மலிவு. வெறுமனே பொடி கொட்டி மூடியது ஒருவகை. சுத்தம் செய்து, தேய்ந்த உருளையையும் துடைப்பானையும் மாற்றியது மற்றொரு வகை. பின்னதே வாங்கத் தக்கது. எந்தப் பாகங்கள் மாற்றப்பட்டன, பொடி ஒழுகினால் மாற்றித் தருவார்களா என்பதை எழுத்தில் பெறுக. பொடி அந்தந்தக் கருவிக்கு உரியதாக இருத்தல் அவசியம். உருகும் சூடு வகைக்கு வகை வேறுபடும்.

எஞ்சியதை எங்கே போடுகிறோம் என்பதும் விலையில் சேர்ந்ததே. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கென ஒரத்துப்பாளையத்தில் கட்டி 1992-இல் முடிந்த அணை, திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பட்டறைத் தொழிலாளர் வேலையிழந்தனர். அதற்கு முன்பே ஆற்றோர விவசாயி நிலமிழந்திருந்தார். மைப்பெட்டியின் அளவு அதனோடு ஒப்பிடத் தகாத சிறிது, படிப்பினை ஒன்றே.

காலிப் பெட்டியைக் குப்பையோடு எரிக்கலாகாது. சாக்கடையில் கழுவலும் ஆகாது. 2023 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் பிரிண்டரோடு அதன் பெட்டியையும் சேர்த்தே கணிக்கின்றன. பெட்டியை மறுநிரப்புவோரிடமோ பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். பொடி சிந்தினால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் துடைக்கவும். வெந்நீரில் அது ஒட்டிக்கொள்ளும்.

வாங்கிய தேதி, விலை, கிடைத்த பக்கங்கள், காலிப் பெட்டி சென்ற இடம் ஆகிய நான்கையும் இருப்புப் பதிவேட்டில் குறித்து வந்தால், அடுத்த கொள்முதலின்போது நிர்வாகக் குழு வியாபாரியின் வாக்கை நம்பியிருக்க வேண்டியதில்லை.