முட்டையும் மெல்லிய தீயும்



36 ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்ற எனக்குச் சமையல் அறையில் அரிச்சுவடியும் தெரியாது என்பதை, என் மனைவி நோயுற்றபோதுதான் உணர்ந்தேன். நெடுநாள் காய்ச்சலில் கிடந்து எழுந்த அவளுக்கு இட்டிலியும் தொண்டையில் இறங்கவில்லை, கஞ்சியோ சலித்துவிட்டது. உடல் நாளுக்கு நாள் மெலிந்தது. கொல்லையில் நான்கு நாட்டுக் கோழிகள் இருந்தமையால் முட்டைக்குக் குறைவில்லை. அவற்றைக் கொண்டு நான் முதன்முதலாக ஆக்கியது, செருப்புத் தோல்போல் விறைத்த ஓர் ஆம்லெட். ஒரு விள்ளல் வாயிலிட்டாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் தட்டை நகர்த்தி வைத்துவிட்டாள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் அந்நாட்களில் எங்களைக் காண வந்தார். என் கைத்திறனைப் பார்த்துவிட்டு, "முட்டையின்மேல் உங்களுக்கு என்ன கோபம், ஐயா?" என்று கேட்டார். அவர் அன்று கற்பித்த பாடத்தையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஆம்லெட் என்னும் சொல்லே பிரெஞ்சு மொழிச் சொல். அந்நாட்டுச் சமையற்கலையில் முட்டைக்குத் தனியிடம் உண்டு. எஸ்கோஃபியே என்னும் புகழ்பெற்ற சமையற்கலைஞர் 1903இல் வெளியிட்ட பெருநூலில் முட்டைக்கென்றே நீண்டதொரு பகுதியை ஒதுக்கினார். ஆயினும் எளிய வீட்டுச் சமையலுக்கு வேண்டியவை மிகச் சில: புதிய முட்டை, வெண்ணெய், உப்பு, சிறிது பாலேடு. பொருள்கள் குறைவாக இருப்பதனாலேயே முட்டையின் புதுமையும் தீயின் அளவும் முதன்மை பெறுகின்றன.

முதலில் புதுமையைப் பார்ப்போம். முட்டையோட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியே ஈரமும் கரியமிலவாயுவும் நாள்தோறும் சிறிது சிறிதாக வெளியேறுகின்றன. அதனால் உள்ளேயுள்ள காற்றறை பெரிதாகிறது. கெட்டியான வெண்கரு நீர்த்துப் போகிறது. நீரில் இட்டால் புதிய முட்டை படுத்துக் கிடக்கும். பழையது நிமிர்ந்து நிற்கும். மிதப்பதை விலக்கிவிடுவது நல்லது. ஓட்டின்மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டு. அது போய்விடலாகாது என்பதால் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் விற்பனைக்குரிய முதல்தர முட்டைகளைப் பொதுவாகக் கழுவுவதில்லை. நாமும் அழுக்கிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால் போதும். மற்றொன்றையும் நினைவிற் கொள்க: அந்நாட்டுச் செய்முறைகள் ஏறத்தாழ 60 கிராம் எடையுள்ள முட்டையைக் கருதியவை. நம் நாட்டுக் கோழியின் முட்டை 40 கிராம் அளவே இருக்கும். ஆதலின் அவர்களுடைய இரண்டுக்கு நமக்கு மூன்று வேண்டும்.

இனித் தீ. வெண்கரு ஏறக்குறைய 62 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும். மஞ்சட்கரு 65 முதல் 70 டிகிரிக்குள் கெட்டிப்படும். நீர் கொதிப்பதோ 100 டிகிரியில். அப்படியானால் கொதிநீரின் சூடே முட்டைக்கு மிகையன்றோ! சூடு மிகுந்தால் முட்டையின் புரதங்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றி, இடையிலுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றிவிடும். என் ஆம்லெட் தோலானதன் காரணம் இதுவே.

நோயாளிக்கு ஏற்றதென்று நண்பர் காட்டியது, பிரெஞ்சுக்காரர் 'ப்ரூயே' எனக் கூறும் கிளறிய முட்டை. நான்கு நாட்டு முட்டைகளை உடைத்து, உப்பிட்டு, நுரைக்காமல் கலக்குக. அகன்ற பாத்திரத்தில் நீரை மெல்லக் கொதிக்கவிட்டு, அதன்மேல் சிறு பாத்திரத்தை வைத்து, ஒரு கரண்டி வெண்ணெயை உருக்கி, முட்டையை ஊற்றி, மரக்கரண்டியால் ஓயாமல் கிளறுக. முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே நிகழாததுபோல் தோன்றும். அப்போது தீயைக் கூட்டத் தூண்டும் கையை அடக்கிக்கொள்ள வேண்டும். பின்னர்ச் சிறு சிறு துகள்களாகத் திரண்டு, பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் கூழ்போல் குழைந்து வரும். உடனே இறக்கிக் குளிர்ந்த வெண்ணெய்த் துண்டு ஒன்றைச் சேர்த்தால் மேலும் வேகாமல் நின்றுவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அரைவேக்காட்டு முட்டையில் சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும். நோயாளிகளுக்கும், முதியோருக்கும், குழந்தைகளுக்கும், கருவுற்ற மகளிருக்கும் நீர்ப்பதம் சிறிதுமின்றி முழுவதும் வேகவைத்தே தருதல் வேண்டும். மெல்லிய தீயில் செய்தால், முழுதும் வெந்த பின்னும் முட்டை மென்மையாகவே இருக்கும். இம்முறையின் சிறப்பே அதுதான்.

ஆம்லெட் இதற்கு நேர்மாறானது. ஒரு நிமிடத்தில் முடிவது. நார்மண்டிக் கரையோரத்து மோன் சேன் மிஷேல் தீவில் அன்னெத் பூலார் என்னும் அம்மையார் 1888இல் தொடங்கிய விடுதி, நுரைபொங்க அடித்து விறகுத் தீயில் சுடும் ஆம்லெட்டால் புகழ் பெற்றது. வீட்டு ஆம்லெட்டுக்கு அத்துணை நுரை வேண்டா. வாணலியில் வெண்ணெயை இடுக. வெண்ணெயிலுள்ள நீர் ஆவியாகும்போது நுரைத்துச் சலசலக்கும். நுரை அடங்கினால் நீர் வற்றியது என்று பொருள். வெண்ணெய் சிவக்குமுன் முட்டையை ஊற்ற வேண்டும். நெய்யில் நீரில்லை; ஆகவே அது இந்த அடையாளத்தைக் காட்டாது. ஊற்றியவுடன் முள்கரண்டியால் விரைந்து கலக்கி, அடிப்புறம் உறைந்ததும் பாய்போல் சுருட்டித் தட்டில் கவிழ்க்க. மேற்புறம் சிவவாமல் பொன்மஞ்சளாக இருப்பதே பிரெஞ்சு முறை.

நண்பர் சென்ற மறுநாள் காலை, கிளறிய முட்டையை நானே தனியாகச் செய்து கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் மனைவி கிண்ணத்தை நகர்த்தவில்லை. முழுவதும் உண்டுவிட்டு, "நாளைக்கும் இதையே செய்யுங்கள்" என்றாள். பின்னர்ச் சற்றே சிரித்து, "பள்ளிக்கூடத்திலும் இவ்வளவு பொறுமையாக இருந்தீர்களா?" என்று கேட்டாள்.

அதற்கு என்னிடம் விடையில்லை. கண்டிப்பான ஆசிரியர் என்று பெயரெடுத்தவன் நான். இப்பொழுது அவள் உடல் தேறிவிட்டது. அடுப்பைத் தானே பார்த்துக்கொள்கிறாள். ஆனால் காலையில் கோழிகளைத் திறந்துவிடுவதும், முட்டை கிளறுவதும் என் வேலையாகவே இருக்கின்றன.