ஆறு வற்றிய ஆண்டும் இன்றைய காய்ச்சலும்

வெளிநாடு போய் வந்து காய்ச்சலில் விழுகிறவர்களில் பலர் ஐந்தாம், ஆறாம் நாளில்தான் எங்களிடம் வருகிறார்கள். அதற்குள் பனடோல் அட்டை முடிந்திருக்கும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய அன்டிபயோட்டிக்கும் பாதி போயிருக்கும். துருவிக் கேட்டால்தான் ஆபிரிக்காவில் வேலை செய்ததோ, இந்தியாவுக்கு யாத்திரை போனதோ வெளியே வரும். இரத்தம் பார்க்கவேண்டும் என்றால், “மலேரியாதான் நாட்டிலேயே இல்லையே, டொக்டர்!” என்பார்கள். இந்தப் பதிலைக் கேட்டு அலுத்துத்தான் 1934ஆம் ஆண்டுக் கதையை எடுக்கிறேன்.

மழை இல்லையென்றால் நுளம்பும் இல்லையா?

அந்த ஆண்டு இலங்கையில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மற்ற ஆண்டுகளில் மகா ஓயாவிலும் களனி கங்கையிலும் ஓடும் நீர் நுளம்புக் குடம்பிகளை அடித்துக்கொண்டு போய்விடும். அவ்வாண்டு ஆறுகள் வற்றி, மணலுக்கு நடுவே தெளிந்த குட்டைகளாகத் தேங்கின. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் முட்டையிடத் தேடுவது அப்படிப்பட்ட தண்ணீரைத்தான். சாக்கடையில்தான் எல்லா நுளம்பும் பெருகும் என்று இன்றும் நம்புகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

ஆண்டு முடிவதற்குள் கேகாலை, குருநாகல் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாக ஆட்கள் படுத்துவிட்டார்கள். சில மாதங்களில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். அப்போது நாட்டின் சனத்தொகையே ஐம்பது இலட்சத்தைச் சற்றுத் தாண்டியதுதான். உலர் வலயத்தில் மலேரியா எப்போதும் இருந்ததால் அங்குள்ளவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது. நோய் அதிகம் பழகாத ஈரவலய விளிம்பில்தான் சாவு குவிந்தது. அதிலும் குழந்தைகள்.

நல்லாய்ச் சாப்பிட்டால் வராது என்பார்கள். சத்துள்ள உடம்பையும் நுளம்பு கடிக்கத்தான் செய்யும். ஆனால் பொருளாதார மந்தமும் விளைச்சல் இழப்பும் சேர்ந்து பட்டினி போட்ட உடம்பு காய்ச்சலைத் தாங்கவில்லை என்பதும் உண்மை. நிவாரணத்துக்குப் போன, சூரியமல் இயக்கம் என்ற இடதுசாரி இளைஞர் அமைப்பினர் மருந்தோடு உணவும் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவராகப் பருப்புப் பங்கிட்ட என்.எம். பெரேராவுக்குப் ‘பருப்பு மாத்தையா’ என்றே பெயர் விழுந்தது.

காய்ச்சல் விட்டால் நோய் விட்டதா?

இந்த நம்பிக்கைதான் எனக்குப் பெரிய தலையிடி. அன்று கொடுத்த கொயினா (குவினைன்) மருந்து இரத்தத்திலுள்ள கிருமியைத்தான் கொல்லும். வைவாக்ஸ் வகைக் கிருமியோ ஈரலில் ஒளிந்திருந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து மீண்டும் கிளம்பும். இன்று அதற்குப் பிரைமாக்குயின் பதினான்கு நாள் கொடுக்கிறோம். நாலாம் நாள் உடம்பு இலேசானதும் மாத்திரையை மேசை இலாச்சியில் போட்டுவிடுகிறார்கள்! சிலருடைய இரத்தத்துக்கு இந்த மருந்து ஆகாது, பார்த்துத்தான் கொடுக்கவேண்டும். ஆகவே மிச்ச மாத்திரையை அயலவருக்குக் கொடுத்து உதவுவதும் வேண்டாம். கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள், அதை நான் குறை சொல்லவில்லை. அதைக் குடித்துக்கொண்டு வீட்டில் காத்திருக்கும் நாட்கள்தான் ஆளைக் கொல்கின்றன.

களுத்துறை காட்டிய வழி

1926இல் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிக்காகக் காத்திராமல், ஒரு வைத்திய அதிகாரியும் தாதியரும் மருத்துவிச்சிகளும் சுகாதாரப் பரிசோதகர்களும் தங்களுக்குரிய பகுதிக்குள் இறங்கிப் பிறப்பு, இறப்பு, தொற்றுநோய், மலசலகூடம் எல்லாவற்றையும் கவனித்தார்கள். மலேரியா ஓரிடத்தில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று அறியப் பள்ளிப் பிள்ளைகளின் வயிற்றைத் தடவி மண்ணீரல் வீக்கம் பார்ப்பதும் அக்கால வழக்கம். 1934இல் இப்படியான பிரிவுகள் சில இடங்களில்தான் இருந்தன. கொள்ளைநோய்க்குப் பிறகே அவை பெருகின. உங்கள் ஊர்ச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை அந்த வழியில் வந்ததுதான். பரிசோதகர் வாசலுக்கு வந்தால் “வீட்டில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை” என்று சொல்லி அனுப்பிவிடுகிறோமே!

பதினேழிலிருந்து ஐந்து இலட்சம்

1963இல் நாடு முழுவதும் பதினேழு மலேரியா நோயாளிகள்தான். கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. 2012க்குப் பிறகு உள்ளூர்த் தொற்று நின்று, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் கிடைத்தது. அதே ஆண்டு டிசெம்பரில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்ற புதிய நுளம்பு அகப்பட்டது. கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் பெருகக்கூடியது அது. வெளியிலிருந்து கிருமியோடு ஒருவர் வந்தால், பரப்புவதற்கு நுளம்பு இங்கே தயார்.

பரிசோதனை

மலேரியா இருக்கிறதா என்று பார்க்க விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் போதும், அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்.

தயவுசெய்து

ஆபிரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ போகுமுன் மலேரியா தடுப்பு இயக்கத்தாரிடம் கேளுங்கள். போகும் இடத்துக்கேற்பத் தடுப்பு மாத்திரை தருவார்கள், காசு கேட்கமாட்டார்கள். திரும்பி வந்து எத்தனை மாதமானாலும், காய்ச்சல் கண்டால் முதல் நாளே வாருங்கள். நாங்கள் அவசரத்தில் கேட்க மறந்தாலும், போய்வந்த நாட்டின் பெயரை நீங்களே முதலில் சொல்லுங்கள். தண்ணீர்த் தாங்கியை மூடுங்கள். கிணற்றுக்குள் மீன் விட வருகிறவர்களைத் தண்ணீர் பழுதாகும் என்று திருப்பி அனுப்பாதீர்கள், ஐயா, அம்மா. அந்த மீன் தின்பது நுளம்புக் குடம்பியைத்தான்.